கேக்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டு கடல்பாசி

வாட்ஸ்ஆப்பில் அழைப்பு வருகிறது: ‘எங்கள் செல்லத்துக்கு ஆறு வயது. தீம்: கடலுக்கடியில். உடை: நீலம்.’ ஒரு காலத்தில் பிறந்தநாள் என்றால் கேக், சமோசா, கை நிறைய சிப்ஸ், ஒரு டம்ளர் ரஸ்னா, அதோடு முடிந்தது. இப்போது பலூன் வளைவு, பின்னால் தொங்கும் திரை, ரிட்டர்ன் கிஃப்ட் பை எல்லாம் ஒரே கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்திருப்பது ‘டெசர்ட் டேபிள்’. கப்கேக், கேக்பாப், கோப்பையில் மூஸ், குச்சியில் மார்ஷ்மெல்லோ என்று அடுக்கிய தனி மேசை. அதற்கு வெளியே ஆர்டர் கொடுத்து, பில்லைப் பார்த்துவிட்டு, ‘இந்தக் காசுக்கு முப்பது பேருக்குப் பிரியாணியே போட்டிருக்கலாமே’ என்று முணுமுணுத்த பெற்றோர் பலர்.

தீம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. குழந்தைக்கு அது பண்டிகை. ஆனால் தீமுக்கான காசு எங்கே போகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஃபாண்டண்ட் கேக்கில் மேலே போர்த்தியிருப்பது சர்க்கரையைப் பிசைந்து இட்ட கனத்த தோல். தேவதையும் டைனோசரும் அதில்தான் செய்யப்படுகின்றன; வேலைப்பாட்டின் கூலி முழுவதும் அதில்தான் இருக்கிறது. கேக் வெட்டியதும் பிள்ளைகள் முதலில் செய்வது அந்தத் தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது. உள்ளே இருக்கும் சாதாரண ஸ்பாஞ்சைத்தான் தின்கிறார்கள்.

அதனால் என் யோசனை இது. மெழுகுவர்த்தி ஊதவும் படம் எடுக்கவும் அரைக் கிலோ கேக் போதும். அதுவும் வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. வந்தவர்கள் உண்மையில் சாப்பிடப்போகும் இனிப்பை வீட்டிலேயே, முதல் நாளே செய்து முடித்துவிடலாம். தீமை அதன் நிறமும், கதையும், பரிமாறும் பாத்திரமும் தாங்கிக்கொள்ளட்டும்.

எதைச் செய்வது என்பதுதான் கேள்வி. சமையல் வீடியோ பார்ப்பதற்கு முன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது உத்தமம். விசேஷத்துக்கு முந்தின நாள் அதில் என்ன இருக்கும்? தோசை மாவு, தயிர், ஊறவைத்த சிக்கன் அல்லது பனீர், பூப்பொட்டலம், நான்கைந்து குளிர்பான பாட்டில். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் நாற்பது குட்டிக் கோப்பைகளுக்கு இடம் கிடையாது. அடுக்ககத்தின் கம்யூனிட்டி ஹாலில் விழா என்றால் அங்கே பெரும்பாலும் ஃப்ரிட்ஜே இருக்காது. ஆறு மணி என்று அழைத்தால் ஏழரைக்குத்தான் கூட்டம் சேரும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. அப்படியானால் குளிர் இல்லாமல் இரண்டு மணி நேரம் நின்று தாக்குப்பிடிக்கும் இனிப்பு வேண்டும். கிரீம் வைத்ததெல்லாம் இந்த இடத்திலேயே தேர்வில் தோற்றுவிடும். ஐஸ்கிரீம் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது, யார் சாப்பிடுகிறார்கள் என்பது. ஒரே தளத்தில் முட்டை சேர்க்காத வீடும், ஹலால் பார்க்கும் வீடும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையும் இருப்பார்கள். ஜெல்லி என்றாலே ஜெலட்டின் ஞாபகம் வர வேண்டும். மாட்டின் தோல், எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுப்பது அது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள்கூட, வெளியிலிருந்து வரும் மூஸ் கோப்பையில் அதைப் பார்க்க முடியாது.

இந்த இரண்டு சல்லடையிலும் சேதாரமில்லாமல் தேறுவது நம் மளிகைக் கடையில் பத்துக் கிராம் பாக்கெட்டில் தொங்கும் கடல்பாசி. ‘சைனா கிராஸ்’ என்று கேட்டாலும் அதையேதான் எடுத்துத் தருவார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் இதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக்கும் வடைக்கும் பக்கத்தில், வில்லை வில்லையாக வெட்டி வைத்திருப்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத தொண்டைக்கு அது எவ்வளவு இதம் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

இதன் சிறப்பு அது உறையும், இளகும் வெப்பநிலைகளில் இருக்கிறது. கொதிக்கவைத்துக் கரைத்த கடல்பாசி, சூடு நாற்பது டிகிரிக்கு அருகில் இறங்கும்போது உறையத் தொடங்கும். ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி இளக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். ஜெலட்டின் அப்படியில்லை, முப்பத்தைந்து டிகிரியை ஒட்டியே இளகிவிடும். சென்னை மே மாதத்தில் ஜெலட்டின் ஜெல்லியை மேசையில் வைத்தால் கேக் வெட்டுவதற்குள் சர்பத் ஆகிவிடும். கடல்பாசி ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும், வெயிலிலும் வெட்டிய முனை மழுங்காமல் நிற்கும்.

இந்தக் குணம் மருத்துவ வரலாற்றையே ஒருமுறை திருப்பிவிட்டிருக்கிறது. 1881. ஜெர்மனியில் ராபர்ட் கோச்சின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அதற்குப் பயன்பட்டது ஜெலட்டின். கோடைச் சூட்டில் அது இளகியது. போதாததற்குச் சில நுண்ணுயிர்கள் அதையே கரைத்துத் தின்றன. அவர் மனைவி ஃபான்னி ஹெஸ்ஸே வீட்டில் செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் வெயிலில் அசையாமல் நின்றன. காரணம் கேட்டார் கணவர். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு குடும்பத்திடம் சிறு வயதில் கற்றுக்கொண்டது, கடல்பாசி போடுகிறேன் என்றார் ஃபான்னி. அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தின் எந்த நுண்ணுயிர்க் கூடத்திலும் தட்டில் ஊற்றுவது அதைத்தான். 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி கோச் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகர் என்ற பெயரில் இந்தக் கடல்பாசி வருகிறது. ஃபான்னியின் பெயர் வரவில்லை. சமையலறையிலிருந்து வந்த யோசனைக்கு அந்தக் காலத்தில் அவ்வளவுதான் மரியாதை.

நம்மூரிலும் இதற்குப் பின்னால் பெண்கள்தான். மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், அகர் எடுக்கும் பாசிகளைக் கடலில் மூழ்கிப் பறித்துவருபவர்கள் பெரும்பாலும் மீனவப் பெண்கள். பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. நீல நிறத்தில் ‘கடலுக்கடியில்’ என்று நாம் போடும் விழாவுக்கு, நிஜமாகவே கடலுக்கடியிலிருந்து வரும் பொருள் இது ஒன்றுதான்.

செய்முறைக்கு வருவோம். வெட்டி எடுக்கிற பதத்துக்குப் பத்துக் கிராம் கடல்பாசிக்கு ஒரு கப் தண்ணீரும் இரண்டு முதல் இரண்டரைக் கப் பாலும் கணக்கு. கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் மென்மை வேண்டுமென்றால் இன்னும் ஒரு கப் பால் கூட்டலாம். இழைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி அரை மணி ஊறவைத்து, அதே தண்ணீரில் சிறு தீயில் ஒரு இழைகூடத் தெரியாத அளவுக்குக் கரைய விட வேண்டும். அவசரப்பட்டால் வாயில் நூல் நூலாக அகப்படும். பக்கத்து அடுப்பில் பாலும் சர்க்கரையும் சூடாகிக்கொண்டிருக்கட்டும். இரண்டும் சூடாக இருக்கும்போதுதான் கலக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் அங்கங்கே கட்டி தட்டிவிடும். வடிகட்டித் தட்டில் ஊற்றினால் முக்கால் மணி நேரத்தில் உறைந்துவிடும்.

ஒரு லிட்டர் கலவையை ஓர் அங்குல உயரத்துக்கு ஊற்றினால் கடிக்க வாகான துண்டுகள் இருபத்தைந்தாவது தேறும். முப்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு, கொஞ்சம் கூடுதல் என்று வைத்தால் மூன்று லிட்டர் கலவை போதும். நாற்பது கிராம் கடல்பாசி, இரண்டு லிட்டர் சொச்சம் பால், அரைக் கிலோவுக்கும் குறைவான சர்க்கரை. ஒரு கிலோ ஃபாண்டண்ட் கேக்குக்குக் கேட்கும் விலையில் பாதியைக்கூட இது தொடாது.

நிறத்துக்குச் சாயப்பொடி தேடாதீர்கள். இந்தியாவில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டு, அவற்றுக்கும் அளவு உண்டு. கடைத்தெருவில் கிடைப்பதெல்லாம் அந்த எட்டில் அடங்கும் என்று நம்புவதற்கில்லை. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் பஞ்சுமிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது நினைவிருக்கும். அதே ஆண்டில் திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை கக்கும் ‘ஸ்மோக் பிஸ்கட்’ பற்றியும் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. இரண்டும் விழா மேசைகளின் செல்லப்பிள்ளைகளாக இருந்தவை. படத்தில் அழகாக விழுவதற்காக ஒரு பண்டத்தை வாங்கும்போது இந்த ஞாபகம் இருந்தால் நல்லது.

நீலத்துக்குச் சங்குப்பூ. காம்புப் பச்சையை நீக்கிவிட்டு இருபது காய்ந்த பூவைக் கொதிநீரில் போட்டால் மை போல நீலம் இறங்கும். அதில் கடல்பாசியைக் கரைத்துத் தட்டில் ஊற்றினால் கண்ணாடி போன்ற கடல். உள்ளே இளநீர் வழுக்கையை நீள நீளமாக அரிந்து போட்டால் மிதக்கும் மீனாகத் தெரிய வேண்டியவர்களுக்கு மீனாகவே தெரியும். அதே நீலத் தண்ணீரில் பாதியை எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் ஊதா. விண்வெளித் தீமுக்கு அந்த ஊதாவே போதும். இறக்கிய பிறகு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கடல்பாசி உறையும் வலுவை இழந்துவிடும். காட்டுத் தீம் என்றால் ரம்பை இலையை அரைத்துப் பிழிந்த பச்சை, இளவரசிக்கு ரோஸ் மில்க் சிரப், சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர் என்றால் மாம்பழக் கூழ் சேர்த்த மஞ்சள். அன்னாசி, பப்பாளியைப் பச்சையாகப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. அவற்றின் நொதிகள் அந்தப் புரதத்தை அறுத்துவிடும். கடல்பாசி புரதமல்ல, அதனால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு நிறம் அடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழ் அடுக்கு விரலில் லேசாக ஒட்டும் நிலையில் இருக்கும்போதே மேல் அடுக்கைச் சூடாக ஊற்ற வேண்டும். முழுக்கக் குளிர்ந்தபின் ஊற்றினால் வெட்டும்போது இரண்டும் வழுக்கிக்கொண்டு தனித்தனியே போய்விடும். இரவு முழுக்க இருந்தால் கொஞ்சம் தண்ணீர் கசியும், அது இயல்பு. தட்டை மூடிவைத்து, துண்டு போடுவதை விழாவுக்கு ஒரு மணி முன்புவரை தள்ளிப்போட்டால் கசிவு குறையும். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உதிர்ந்துவிடும்.

உறைந்து நிற்கிறது என்பதால் கெடாது என்று எண்ணக் கூடாது. பால் பால்தான். நம் வெயிலில் பால் சேர்ந்த எந்த இனிப்பையும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க நான் துணியமாட்டேன். ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாலுக்கு இளநீர் வகை, சங்குப்பூ வகை. பால் வகை வீட்டில் விழா என்றால் மட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வில்லையை இன்னும் பொடியாக நறுக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே விழுங்கும் பண்டமல்ல.

சரி, தீம் என்பது நிறம் மட்டும்தானா? குழந்தைகள் கொண்டாடும் கதாபாத்திரங்கள் திரையில் எதைத் தின்கின்றன என்று கவனித்தால் இன்னொரு கதவு திறக்கும். சோட்டா பீம் என்ன ஆர்டர் கொடுக்கிறான்? லட்டு. டுன்டுன் மௌசியின் லட்டைத் தின்றால்தான் அவனுக்குப் பலமே. 2008-லிருந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். பீம் படம் போட்ட இரண்டு கிலோ கேக்கை வாங்குவதைவிட, பித்தளைத் தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்கிய லட்டு அந்தக் கதைக்கு எவ்வளவு பொருத்தம்! அதிலும் பொட்டுக்கடலை மாலாடு இருக்கிறதே, பாகு வேண்டாம், பதம் வேண்டாம். பொட்டுக்கடலையைச் சன்னமாக அரைத்துச் சலித்து, அதற்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரைத் தூள், ஏலம், மேலே சுடச்சுட நெய். பிடிக்கத் தெரிந்த கை இருந்தால் அரை மணியில் ஐம்பது. ரவா லட்டு என்றால் பால் தெளித்துப் பிடிப்பவர்கள் உண்டு. நான்கு நாள் முன்பே செய்வதானால் அந்த வழி வேண்டாம், நெய்யிலேயே பிடித்துவிடுங்கள். நெய் விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஆனாலும் ஃப்ரிட்ஜில் ஒரு அங்குல இடம்கூடக் கேட்காத இனிப்பு இது.

டோரேமான் பிறந்தநாளா? 1969-ல் ஜப்பானில் காமிக்ஸாகத் தொடங்கிய அந்த நீலப் பூனைக்கு டோராயாக்கி என்றால் உயிர். இரண்டு சின்ன பேன்கேக்குக்கு நடுவே சிவப்புப் பயறு விழுது. நாம் கொழுக்கட்டைக்குச் செய்யும் பூரணத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். சிவப்புக் காராமணியை வேகவைத்து மசித்து, வெல்லத்தோடு சுருளக் கிளறிய பூரணத்தை முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். கோதுமையும் மைதாவும் கலந்த உள்ளங்கை அளவு அப்பங்களை விழா நாள் காலையில் சுட்டு நடுவில் பூசினால் வேலை முடிந்தது. பயறு என்று தெரியாமலே தட்டைக் காலி செய்துவிட்டுப் போவார்கள்.

பெரியவர்கள் கூடும் ‘90ஸ் கிட்ஸ்’ தீம்களுக்கு இவ்வளவுகூட மெனக்கெட வேண்டாம். கல்லூரி நண்பர்கள் சந்திப்பு, சஷ்டியப்தபூர்த்திக்கு முந்தின மாலை எல்லாவற்றிலும் இப்போது இதுதான் ஓடுகிறது. தேன் மிட்டாய், கமர்கட், கல்கோனா, எலந்தவடை, சூட மிட்டாய், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்: மொத்த விலைக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, கண்ணாடி பாட்டில்களில் கொட்டி, பெட்டிக்கடை மாதிரி ஒரு பலகையில் வரிசையாக வைத்தால் போதும். இதைவிடச் சல்லிசான டெசர்ட் டேபிள் எனக்குத் தெரிந்து இல்லை. கடலை ஒவ்வாமை உள்ளவர் யாராவது வருகிறார்களா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாக்லேட் இல்லாமல் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒத்துக்கொள்ளாது என்பவர்களுக்கு இலங்கைத் தமிழர் வீடுகளில் சர்வசாதாரணமான பிஸ்கட் புட்டிங்கைச் சிபாரிசு செய்வேன். அடுப்பே வேண்டாம். மாரி பிஸ்கட்டைப் பாலில் ஒரு நொடி நனைத்து அடுக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் கையோடு கரைந்துவிடும். மேலே வெண்ணெய், ஐசிங் சர்க்கரை, கோகோ அடித்த குழம்பு. மறுபடி பிஸ்கட், மறுபடி குழம்பு. கடைசியில் வறுத்த முந்திரி. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் பிஸ்கட் கேக்காகவே மாறியிருக்கும். 1874-ல் ரஷ்ய இளவரசி மரியா, இங்கிலாந்தின் எடின்பரோ கோமகனை மணந்தபோது பீக் ஃப்ரீன்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது இந்த மாரி பிஸ்கட். அரச கல்யாணத்துக்குப் பிறந்தது என்றாலும் இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பழைய செய்முறைகளில் பச்சை முட்டையை அடித்துச் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அதை விட்டுவிடுவதே நல்லது, சுவையும் ஒன்றும் குறையாது. செலவு முழுக்க வெண்ணெயில்தான். அதையும் குறைக்க நினைத்தால் கெட்டியாகக் காய்ச்சிய சாக்லேட் கஸ்டர்டை நடுவில் ஊற்றலாம். ஆனால் கரண்ட் போனால் வெண்ணெய் தளரும் என்பதால் ஹாலுக்கு இதை எடுத்துப்போகாதீர்கள்.

ஃப்ரூட் கஸ்டர்டுக்கு நான் அவ்வளவு ஆதரவாளன் இல்லை. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1837-ல் உருவாக்கிய அந்த மஞ்சள் பொடி நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. கெடுப்பது பழம். முதல் நாளே நறுக்கிப் போட்டால் வாழைப்பழம் கறுக்கும், ஆப்பிள் நிறம் மாறும், மொத்தமும் நீர்த்துப்போகும். செய்துதான் ஆக வேண்டுமென்றால் கஸ்டர்டை மட்டும் முதல் நாள் காய்ச்சிவைத்து, மாதுளையும் திராட்சையும் பரிமாறும்போது சேருங்கள். ருசி பார்த்த கரண்டியை மறுபடி அதிலேயே விடாதீர்கள். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், காலையில் பார்த்தால் கெட்டியாக இருந்தது தண்ணீராக ஓடும். சுத்தத்துக்காகப் பாட்டி சொன்ன எச்சில் விதி இங்கே வேதியியலாகவும் வேலை செய்கிறது.

சனிக்கிழமை மாலை விழா என்று வைத்துக்கொள்வோம். லட்டு புதன்கிழமையே டப்பாவுக்குள் போய்விடலாம். வெள்ளி மாலை அலுவலகம் விட்டு வந்து கடல்பாசியை ஊறவைத்தால், இரவுச் சாப்பாடு முடிவதற்குள் இரண்டு தட்டு உறைந்திருக்கும். எவர்சில்வர் தட்டுகள்தான் நல்லது, ஒன்றன்மேல் ஒன்றாக மூடி போட்டு அடுக்கலாம். கோப்பைகளுக்கு அந்த வசதி கிடையாது. சனி மதியம் பலூன் ஊதும் ஆட்கள் வந்து ஏணி கேட்டுக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் மிச்சம் இருப்பது கத்தியால் கோடு போடுகிற வேலை மட்டும். அதை வீட்டுக்கு வந்திருக்கும் மச்சினரிடமோ தாத்தாவிடமோ ஒப்படைக்கலாம். லட்டு டப்பாவை மட்டும் புதன் இரவே பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் ஏற்றிவிடுங்கள்.